முக்கால் கட்டை குறைந்த பிள்ளையார்

பெட்டியின் மூடியில் அடித்திருந்த கடைசி ஆணியையும் கழற்றியாயிற்று. கோயில் தலைவர் பரமலிங்கம் மாஸ்ரர் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளையாரை ஒருமுறை கும்பிட்டுவிட்டு, உள்ளே கையை விட்டார். வைக்கோல் வந்தது. மறுபடி விட்டார். கசக்கிய கடதாசி வந்தது. அதற்குப் பிறகும் வைக்கோல்தான் வந்தது.

கோயில் வீதி நிறையச் சனம். நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி நிற்கிறார். தவில்காரர் கையை ஓங்கியபடி நிற்கிறார். வல்வெட்டித்துறையிலிருந்து, வள்ளங்களைக் கரையேற்றும் சங்கிலிக் கப்பியோடு வந்த ஆட்கள் மணிக்கோபுரத்தடியில் தோளைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெயிலில் பூமாலைகள் வாடுகிற மணம் வருகிறது.

மாஸ்ரரின் கை முழங்கை வரை போனது, தோள் வரை போனது, கடைசியில் எதையோ பிடித்தது. பிடித்த கையை எடுக்காமலே, இரண்டு பேரை வரச்சொல்லித் தலையால் சைகை காட்டினார். அந்த இரண்டு பேரும் குனிந்து தூக்கினார்கள். மணி வெளியே வந்துவிட்டது.

ஊரே திரண்டு இழுக்கவேண்டும் என்று சொல்லிவைத்திருந்த மணி அது. பளபளவென்று, வடிவாக, ஒரு பொங்கல் பானை அளவில் இருந்தது.

"பெரிசு பின்னாலை வருதாக்கும்" என்று யாரோ ஒரு பெண் சொன்னார். சனம் முழுவதும் திரும்பி, அடுத்த லொறி வருகிறதா என்று ஒழுங்கை வளைகிற முடக்கைப் பார்த்தது. ஒரு மாடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாஸ்ரர் லொறியைப் பார்க்கவில்லை. அத்தனை சனத்துக்குள்ளும் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதில் நியாயம் இருந்தது. அந்த மணி கொக்குவிலுக்கு வந்ததற்குக் காரணம் என்னுடைய முதுகலைப் படிப்பு.

எலி சுகம்

சென்ற கிழமை இந்தத் தொடரில், என் சுருதிப் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்திய கதையை எழுதினேன் அல்லவா? அன்றிலிருந்து சந்தையில் காணுகிறவர்கள் எல்லோரும் என்னை விட்டுவிட்டு எலியைத்தான் விசாரிக்கிறார்கள். எலி சுகமாக இருக்கிறது. இனி மணிக்கு வருவோம்.

மணிக்கு வருவதற்கு முன் கட்டைக்கு வரவேண்டும். பாடுகிறவரின் ஆதார சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். ஐந்து என்றால் நாலைவிட உயரமான சுருதி. உயரமானது என்பதால் அது உயர்ந்தது ஆகிவிடாது. சட்டைக்கு அளவு சொல்வதுபோலத்தான். இந்த ஒரு விஷயத்தை நான் எங்கள் ஊருக்கு விளங்கப்படுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திராது.

என்னுடைய சட்டை எந்த அளவிலும் பொருந்தாத சட்டை. சுருதிப் பெட்டியை நாலு கட்டையில் வைத்தால் நான் கொஞ்சம் மேலே நிற்பேன். நாலரையில் வைத்தால் கொஞ்சம் கீழே நிற்பேன். ஐந்தில் வைத்தால் முதல் வரி ஒழுங்காகப் போகும். மூன்றாம் வரியில் வழுக்கிக்கொண்டு வந்து, அந்த நாலுக்கும் நாலரைக்கும் நடுவிலிருக்கும் பொந்துக்குள் உட்கார்ந்துவிடுவேன். படித்த காலத்தில் ஒரு பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை, குரல் இருக்கு. காதுதான் இல்லை" என்றார். பிறகு நானே சங்கீத ரீச்சராகி, ஊர்ப் பிள்ளைகள் பலருக்குச் சொல்லிக்கொடுத்தும், அந்த வசனம் காதை விட்டுப் போகவில்லை. காது இல்லை என்றவர் சொன்னது காதிலேயே நின்றது.

கச்சேரிக்கு வருகிற வயலின்காரர்கள் நல்லவர்கள். நான் இரண்டாவது பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கும்போது, சத்தமில்லாமல் தந்தியை இறுக்கும் முடுக்காணியைத் திருகி என் சுருதிக்கு வந்துவிடுவார்கள். மிருதங்கக்காரர்தான் பாவம். தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் மிருதங்கத்தை அடித்து அடித்து என் சுருதிக்குக் கொண்டுவர முடியாது.

கறிவேப்பிலை கிள்ளிய நேரம்

ஒருநாள் பின்வளவில் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் கோயிலில் உச்சிப் பூசைக்குக் காண்டாமணி அடித்தது. திடீரென்று என் குரல் எனக்குக் கேட்கவில்லை. தொண்டை அதிர்கிறது, சத்தத்தைக் காணவில்லை. சீனி தேத்தண்ணிக்குள் கரைவதுபோல என் முணுமுணுப்பு மணிக்குள் கரைந்துவிட்டது.

கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் ஃபோனை எடுத்தேன். சுருதி காட்டுகிற ஒரு செயலி அதில் இருந்தது. அடுத்த பூசை வரைக்கும் மதிலோரமாகக் காத்து நின்று அளந்தேன். முள் நாலு கட்டையைத் தாண்டியது, நாலரைக்குப் போகவில்லை, நடுவில் நின்றது. நாலேகால்.

நான் பிறந்த வீடும் அந்த மணியின் கீழேதான். கலியாணம் கட்டிக்கொண்டு போனதும் அதற்கு மூன்றாம் வீட்டுப் படலைக்குள்தான். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்த மணியைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எனக்குக் காது இல்லாமல் இல்லை, அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதையே ஆய்வாகச் செய்வது என்று முடிவெடுத்து, பாதியில் விட்டிருந்த முதுகலைப் படிப்பைத் தூசி தட்டினேன். ஒரு ஊரார் காலம்காலமாக ஒரே கோயில் மணியைக் கேட்டால், அந்த மணியின் சுருதியே அவர்களுடைய இயல்பான சுருதி ஆகிவிடுமா? இதுதான் கேள்வி.

"சுகர் பாக்கிற வயசிலை சுருதி பாக்கப் போறீரோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கரவெட்டியில் ஒரு கந்தோரில் வேலை. நாள் முழுவதும் சனத்தின் முறைப்பாடுகளைக் கேட்டுவிட்டு வருகிறவர், வீட்டில் முறைப்பாடு செய்வார்.

நான் அளக்காத சாமான் கிடையாது. மிக்ஸி, குக்கர் விசில், ரயில் கடவையில் அடிக்கிற மணி, பாண் விற்க வருகிறவரின் ஹோர்ன் எல்லாவற்றையும் அளந்தேன். வீட்டுக்காரரின் குறட்டை ஒன்றரைக் கட்டை என்று கண்டுபிடித்துச் சொன்ன அன்று அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு விசாரித்தால், "என்ரை குறட்டைக்கே சுருதி சுத்தம், தெரியுமோ" என்று கரவெட்டியில் சொல்லித் திரிந்திருக்கிறார்.

காகத்தை எழுப்புவது எப்படி

என் மேற்பார்வையாளர் மதுரா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பிஎச்.டி. முடித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். என்னை "அக்கா" என்று கூப்பிடுவார். கூப்பிட்ட வாயாலேயே, "குறை நினையாதேங்கோ அக்கா, உந்த அத்தியாயம் முழுக்கப் பிழை" என்றும் சொல்வார். குறை நினைக்க முடியாது. சொன்னது எப்போதும் சரியாக இருக்கும்.

நான் வீடு வீடாகப் போய்ச் சனத்தைப் பாடவைத்துப் பதிவு செய்தேன். சுருதிப் பெட்டி கிடையாது, மனம் போன உயரத்தில் தேவாரம் பாடவேண்டும். எங்கள் ஆட்களைப் பாடவைப்பது லேசான காரியம் இல்லை. முதலில் "தொண்டை கட்டிப்போச்சு" என்பார்கள். பிறகு குளித்துவிட்டு வருவார்கள். பிறகு தேத்தண்ணி வரும், வடை வரும். பிறகு பாடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஒரு வீட்டில் பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலாகக் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா தேவாரத்தை முடித்துவிட்டு, கேட்காமலே தாலாட்டுக்கும் போனார். நான் ஒடியலைப் பிரட்டிக் கொடுத்தேன்.

முடிவு என்னவென்றால், எங்கள் ஒழுங்கைச் சனம் எல்லாம் நாலேகாலில் நின்றது. ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் நின்றாலும், முள் அந்த நடுப்பொந்தைத்தான் காட்டியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வைரவர் கோயில் இருக்கிறது. அதன் மணி ஐந்து கட்டை. அந்தப் பக்கத்துச் சனம் ஐந்தில் பாடியது.

துள்ளிக்கொண்டு மதுராவிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அக்கா, இது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை எண்டு பரீட்சகர் சொல்லுவார்."

"எப்பிடி மதுரா? எத்தினை பழம் விழுந்திருக்கு பாருங்கோ."

"விழுந்தது சரி. ஆனா காகம் இருந்ததாலைதான் விழுந்தது எண்டு என்னண்டு காட்டுவியள்?  ஒருவேளை பூசைக்கு மணியைக் கேட்ட கையோடை அந்தச் சூட்டிலை பாடிப் பழகினமோ தெரியாது. காகத்தை எழுப்பிப்போட்டுப் பாக்கவேணும்."

"எண்டால்?"

"மணியைக் கழட்டிப்போட்டு வேறை மணி கட்டி, சனம் அப்பவும் பழைய சுருதியிலை பாடுதோ எண்டு பாக்கவேணும். பாடினால் அது காதிலை ஊறின சுருதிதான். அது நடக்கிற காரியமே? அதாலை தலைப்பை மாத்துவம். இந்த வருசத்தோடை உங்கடை பதிவு முடியுது. இனி நீட்டித் தரமாட்டினம்."

இரண்டு முறை நீட்டித் தந்தாயிற்று. மூன்றாவது முறை கேட்கவும் முகமில்லை. புதுத் தலைப்பில் புதிதாகத் தொடங்கி வருடக் கடைசிக்குள் முடிக்க என்னால் ஏலாது. முடிக்காவிட்டால் பட்டமும் இல்லை. காது இல்லாதவள் என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். கொக்குவில் ஸ்ரேசனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்த வழி எனக்கு நினைவில்லை.

"விளங்குது பிள்ளை"

அந்த வெள்ளிக்கிழமைதான் பரமலிங்கம் மாஸ்ரர் என்னைப் பிடித்தார். அவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். கோயில் தலைவராக வந்தபிறகு திருவிழாச் சுண்டலையும் விகிதசமத்தில்தான் பங்கிடுவார். பூசை முடிந்து, கையில் மோதகத்தோடு தேர்முட்டியடியில் நின்றேன்.

"பிள்ளை, எங்கடை மணியை அளந்தனீராம். எவ்வளவு வருது?" என்று கேட்டார். பிறஷர் எவ்வளவு என்று கேட்கிற குரல்.

"நாலேகால் கட்டை, மாஸ்ரர்."

"ம். வைரவர் கோயில்?"

வாயில் மோதகம் இருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "ஐஞ்சு."

மாஸ்ரர் விரல் மடித்து எண்ணினார். தண்டவாளப் பக்கம் பார்த்தார். பிறகு, "முக்கால் குறையுது" என்றார்.

நான் மோதகத்தை விழுங்கிவிட்டு விளங்கப்படுத்தினேன். கட்டை என்பது உயரத்தின் அளவு, தரத்தின் அளவு இல்லை என்றேன். சட்டை உதாரணம் சொன்னேன். சின்ன மணிதான் உயரமாகச் சத்தம் போடும், பெரிய மணி தாழ்வாகத்தான் ஒலிக்கும், எங்கள் மணி பெரியது என்பதால்தான் நாலேகால் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

"விளங்குது பிள்ளை, வடிவா விளங்குது" என்றார். "ஆனா முக்கால் குறையுது."

போகும்போது திரும்பி வந்து இன்னொன்றும் கேட்டார். "நாலெண்டாலும் பரவாயில்லை. அதென்ன நாலேகால்? பிள்ளையாருக்கு ஆரும் கால் குடுப்பினமோ?"

ரொறன்ரோ விழித்துக்கொண்டது

எங்கள் ஊரில் ஒரு செய்தி ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஒருநாள் எடுக்கும். ரொறன்ரோவுக்குப் போக ஒரு நிமிடம் போதும். அன்று பின்னேரமே கோயிலின் வட்ஸப் குழுவில் "வைரவருக்கு ஐந்து, எங்கள் பிள்ளையாருக்கு நாலேகாலா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். லண்டன் கண்ணீர் முகங்களைப் போட்டது. ஒஸ்லோ, "இது எத்தனை வருடமாக நடக்கிறது?" என்று விசாரித்தது. மணியைக் கேட்டே பல வருடமானவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள்.

வைரவர் கோயில் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய செயலாளர் தவம் அண்ணை, நான் சைக்கிளில் கடவையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளை, உம்மடை ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. வடிவா அச்சடிச்சு வெளியிலை விடவேணும்" என்றார். ரயில் போகும்வரை சிரித்தபடி நின்றார்.

பொதுக்கூட்டம் போட்டார்கள். இந்தியாவில் நல்ல வார்ப்பாளரிடம் புது மணி செய்விப்பது, பழையதை இறக்கிவிடுவது என்று தீர்மானம் வந்தது. எத்தனை கட்டை என்று யாரோ கேட்க, "ஐஞ்சரை" என்றார்கள் ஒரு பகுதியினர். "நாளைக்கு அவையும் ஐஞ்சரைக்குப் போனால்?" என்று மாஸ்ரர் கேட்டார். ஆறு என்று முடிவாயிற்று.

நான் எழும்பினேன். "கட்டை கூடினால் மணி சின்னனாத்தான் வரும்" என்றேன்.

"கேள்வி நேரம் கடைசியிலை, பிள்ளை" என்றார் மாஸ்ரர். கடைசியில் தேத்தண்ணி வந்தது. கேள்வி நேரம் வரவில்லை.

என் ஆய்வுக்கு உயிரே அந்தப் பழைய மணிதான். அதை இறக்கிவிட்டால் நான் அளந்தது எல்லாம் அந்தரத்தில் தொங்கும், வந்து பார்க்கிற பரீட்சகருக்குக் காட்ட ஒன்றும் இராது. கேவிக்கொண்டே மதுராவுக்கு அழைத்தேன்.

"மதுரா, மணியைக் கழட்டப்போயினம்."

மறுமுனையில் கதிரையைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. 

"அக்கா," என்றார் மெல்ல, "எந்த மணியை?"

"எங்கடை மணியைத்தான். கழட்டிப்போட்டு ஆறு கட்டையிலை வேறை கட்டப்போயினம்."

"ஒருத்தரோடையும் ஒண்டும் கதையாதேங்கோ. அழுகையை நிப்பாட்டுங்கோ. கழட்டட்டும்."

அதன்பிறகுதான் எனக்கு வெளித்தது. காகத்தை அவர்களே எழுப்புகிறார்கள். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது எனக்குப் படிப்பைவிடக் கடினமாக இருந்தது.

பொங்கல் பானை

பெட்டிக்குத் திரும்புவோம்.

மாஸ்ரர் என்னைப் பார்த்தார் என்றேன். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பிள்ளை, ஆறு கட்டை இருக்கோ எண்டு பாரும்" என்றார். ஃபோனை எடுத்தேன். ஒருவர் சின்னக் கட்டையால் மணியைத் தட்டினார். முள் ஆறில் போய் ஆடாமல் அசையாமல் நின்றது. இந்தியாவிலிருந்த அந்த மனுஷன் கேட்டதைக் கேட்டபடி செய்து அனுப்பியிருந்தார்.

"ஆறுதான் மாஸ்ரர். ஒரு நூல் குறையேல்லை."

அவர் நிமிர்ந்தார். நோட்டீஸ் அடித்து ஒட்டியாயிற்று, ஐயர் கும்பம் வைத்துக் காத்திருக்கிறார், ரொறன்ரோ நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ஆறு கட்டை" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கையடித்தார்கள். தவில்காரருக்கு ஓங்கிய கையை இறக்க ஒரு வழி கிடைத்தது.

வல்வெட்டித்துறை ஆட்களுக்குத்தான் ஏமாற்றம். அவ்வளவு சங்கிலியையும் சுமந்து வந்தவர்கள், பழைய மணியை இறக்கித் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்கு எல்லோருடைய கையும் வேண்டியிருந்தது. பழையது இறங்கி வேம்படியில் உட்கார்ந்தபோது, புதியதற்கென்று கட்டிய மாலையை யாரோ அதன் கழுத்தில் போட்டார்கள். அளவாக இருந்தது. அந்த மாலை புதிய மணிக்கு மூன்று சுற்று வந்திருந்தது.

முதல் பூசை

அன்று மத்தியானம் முதல் பூசை. மதுரா சேலை கட்டி, பூ வைத்து, கைப்பைக்குள் பதிவுக் கருவியோடு வந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தூணோரமாகப் பக்திப் பரவசத்தோடு நின்றோம்.

தீபம் காட்டினார்கள். புது மணி அடித்தது. நல்ல நாதம்தான். கொஞ்சம் கீச்சென்று, விடாமல், கூர்மையாக அடித்தது. கற்பூரம் அணைந்தது, மணி நின்றது. ஐயர் திரும்பி, பஞ்சபுராணம் பாடச் சொன்னார். பூசை முடிவில் அடியார்களே நின்று பாடுகிற ஐந்து திருமுறைப் பாட்டுகள் அவை. எங்கள் கோயிலில் முதல் அடி எடுத்துக்கொடுப்பவர் பரமலிங்கம் மாஸ்ரர்.

 இவர் வாயைத் திறந்து என்ன உயரத்தில் தொடங்குகிறாரோ, அதுதான் என் பட்டம். புது மணியின் ஆறு கட்டை இன்னும் காதுக்குள் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது. நான் மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாஸ்ரர் கண்ணை மூடிப் பாடினார். ஊரும் சேர்ந்துகொண்டது.

நாலேகால்.

மாஸ்ரர் கணக்கு வாத்தியார், பிழையை உடனே பிடித்துவிட்டார். கண்ணைத் திறந்து, கையை மேலே மேலே என்று காட்டினார். சனம் விளங்கிக்கொண்டு உயர்த்தியது. இரண்டாம் பாட்டின் முதல் அடியில் ஆண்களின் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது, அது மட்டும் ஆறு கட்டையில் சரியாக நின்றது. அடுத்த அடியில் சறுக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது அடியில் எல்லோரும், மாஸ்ரரும்தான், பழைய பொந்துக்குள் வந்து சௌகரியமாக உட்கார்ந்தார்கள்.

நான் பரீட்சை மண்டபத்தில் சறுக்கிய அதே சறுக்கல். ஒரு ஊர் முழுவதும் என்னைப் போலவே, என்னோடு சேர்ந்து, ஒரே இடத்துக்குச் சறுக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மா, "பிள்ளையார் காப்பாத்துவார், அழாதை" என்று என் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் ஏற்கனவே காப்பாற்றிவிட்டார் என்று சொல்லத் தோன்றியது.

மதுரா பதிவுக் கருவியைப் பைக்குள் வைத்து மூடினார். "காகம் போயிட்டுது அக்கா," என்றார், "பழம் அப்பிடியே கிடக்கு."

பரீட்சகர் கேட்டது

அதன்பிறகு வந்த வெள்ளிகளிலும் அதையே பதிந்தேன். பழைய மணி வேம்படியில் நெடுநாள் இருக்கவில்லை. புதுமணிச் சத்தம் ஒழுங்கை முடக்கைத் தாண்டவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். உச்சிப் பூசை மணியை வைத்து உலை இறக்குகிற வீடுகளில் சோறு குழைந்தது. பிள்ளையாருக்குப் பட்ட அவமானத்தைப் பொறுத்த ஊர், குழைந்த சோற்றைப் பொறுக்கவில்லை. வல்வெட்டித்துறைக்கு மறுபடி அழைப்புப் போனது. பழையது கோபுரம் ஏறியது. புதியது இப்போது உள்மண்டபத்தில் தொங்குகிறது, அந்த இடத்துக்கு நல்ல பொருத்தம்.

ஆய்வேட்டை வருடம் முடிகிற தறுவாயில் கொடுத்தேன். வாய்மொழிப் பரீட்சைக்கு வந்த வெளிப் பரீட்சகர், நரைத்த மீசைக்காரர், எல்லா அத்தியாயத்தையும் விட்டுவிட்டு மணி கழற்றிய அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"இது ஆய்வொழுக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி" என்றார். "ஒரு கோயிலின் மணியை இறக்கி, வேறு மணி கட்டி, சோதனை செய்திருக்கிறீர்கள். இதற்கு ஊராரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?"

மதுரா கூரையைப் பார்த்தார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை, சேர்" என்றேன். "மற்றக் கோயில் மணி ஐஞ்சு கட்டை எண்டு மட்டும் சொன்னனான்."

பரீட்சகர் சாவகச்சேரிப் பக்கத்துக்காரர், கோயில் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மீசைக்குள் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

பட்டம் கிடைத்த செய்தி வந்ததும் கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாஸ்ரர் ஒலிபெருக்கியைப் பிடித்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிப் பேசினார். "ஒண்டு, ரெண்டு, ஐஞ்சு, ஆறு எல்லாம் கடையிலை வாங்கலாம். எங்கடை பிள்ளையாரின்ரை நாலேகால் ஒரு சுருதிப் பெட்டியிலையும் கிடையாது. அந்தக் கால் எங்களுக்கு மட்டும் உரியது. பல்கலைக்கழகமே எழுத்திலை தந்திருக்கு." ரொறன்ரோ நேரலையில் பூத்தூவியது. பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். சுருதிப் பெட்டி வேண்டாம் என்றேன். மணியை ஒருமுறை அடிக்கச் சொல்லி, அது அடங்குவதற்குள் தொடங்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை ஒருவரும் எனக்காக முடுக்காணி திருகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. தவம் அண்ணை. உள்ளே வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, எழும்பிப் போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, எங்கடை வைரவர் மணியைப் பற்றி ஒரு யோசினை. ஐஞ்சு எண்டால் வெறும் ஐஞ்சாக் கிடக்கு. கமிட்டியிலை எல்லாரும் கவலைப்படுகினம். கொஞ்சம் அராவி, ஒரு கால் போட ஏலாதோ?"

என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தவம் அண்ணை படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து, மதுராவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவதற்குக் கடைசித் திகதி எப்போது என்று கேட்டிருந்தேன்.